உதைமாட்டு வீடு

அந்த வீட்டு வான்கோழிக்கு வெள்ளை வேட்டி ஆகாது. கைலி கட்டிக்கொண்டு யார் போனாலும் கண்டுகொள்ளாது. பேண்ட் போட்டவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடும். வெள்ளை வேட்டி தெரிந்தால் மட்டும் இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு, கழுத்துத் தொங்கல் சிவக்கச் சிவக்க ஓடிவரும். அந்தத் தெருவுக்கு வெள்ளை வேட்டியில் வருகிறவர்கள் ஒன்று ஓட்டுக் கேட்க வருவார்கள், இல்லையென்றால் அதட்ட வருவார்கள். அதனால் வான்கோழிக்கு விவரம் தெரியும் என்று நான் சொல்வேன். "அட அதெல்லாம் இல்ல டாக்டரம்மா, வெளுப்பப் பாத்தா அதுக்குக் கண்ணு கூசுது" என்பார் அந்த வீட்டு அம்மாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டார்.

நான் டாக்டரம்மா இல்லை. கால்நடை ஆய்வாளர். ஊசி போடுவது, சினை ஊசி போடுவது, பூச்சி மருந்து ஊற்றுவது, காதில் மஞ்சள் வில்லை மாட்டிப் பதிவேட்டில் எழுதுவது, இதுதான் என் வேலை. சீர்காழிக்குக் கிழக்கே ஒரு கிளை நிலையத்தில் ஆறு வருடம் இருந்தேன். எத்தனை தடவை திருத்தினாலும் ஊர்க்காரர்கள் டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். பிறகு நானும் விட்டுவிட்டேன், கேட்க நன்றாகத்தானே இருக்கிறது.

அந்த ஊரில் தெற்குத் தெருவுக்குப் போக ஒரு வாய்க்கால் பாலத்தைத் தாண்ட வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு ஹார்ன் அடிப்பாராம். தெற்குத் தெருக்காரர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து ஊசி போட்டுக்கொண்டு போக வேண்டும். மேலத்தெருவில் மட்டும் வீடு வீடாகப் போய் மோர் குடித்துவிட்டு வருவார். நானும் வந்த புதிதில் ஸ்கூட்டியை அங்கேயே நிறுத்தி ஹார்ன் அடித்தேன். யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் செய்ததைச் சொல்லிக்கொள்ள இப்போது வெட்கமாக இருக்கிறது.

முதல் தடவை எல்லாரும் மாட்டோடு வந்தார்கள். ஒரு அம்மாள் மட்டும் கையை வீசிக்கொண்டு வந்து நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி. புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தார், கையெல்லாம் தவிட்டுத் தண்ணீர்.

"மாடு எங்கம்மா?" என்றேன்.

"வீட்ல."

"ஓட்டிட்டு வரலியா?"

"கேட்டேன். வரலன்னுட்டாங்க."

"யாரு, உன் வீட்டுக்காரரா?"

"அவரு டிராக்டர் ஓட்டப் போயிட்டாரு. மாடுதான் வரலன்னுட்டாங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். "மாடு சொல்றத நீ கேப்பியா?" என்று கேட்டேன். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவரை நீ வா போ என்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவருக்கு உறைத்திருக்கும். ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"கேப்பேன். நான் சொல்றத அவங்களும் கேப்பாங்க. பாலத்துக்கு இந்தாண்ட வந்து ஊசி போட்டுக்கிட்டுப் போறது அவங்களுக்குப் புடிக்கல. நீங்க வாங்க டாக்டரம்மா, இந்தா தெரியுது வீடு."

நான் போகவில்லை. 'மாடு வரவில்லை' என்று எழுதிக்கொண்டு வண்டியைத் திருப்பினேன். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் கோமாரி வந்துவிட்டது. மாடுகள் வாயெல்லாம் புண்ணாகி நுரை தள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பாலத்தைத் தாண்டினேன். அவர் வாசலில் நின்றிருந்தார். "வாங்க" என்ற ஒரு சொல்லோடு சரி. பார்த்தாயா, வந்தாயல்லவா என்ற பேச்சே இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

ஒரு ஏக்கர் வருகிற மூன்று மா நிலம், ஒரு கூரைக் கொட்டகை, அதற்குள் ஊரே வேண்டாம் என்று தள்ளியதெல்லாம் இருந்தது. ஒற்றைக் கொம்பு வெள்ளாடு ஒன்று. சுவரில் எந்த நோட்டீஸ் ஒட்டினாலும் பசை காய்வதற்குள் தின்றுவிடும், அதனால் முதல் வீட்டில் அடித்து விரட்டினார்களாம். எருமை ஒன்று. பகல் பதினோரு மணிக்கு வாய்க்காலில் இறங்கிப் படுத்தால் வெயில் சாய்ந்துதான் எழுந்திருக்கும். கீழே நாற்றங்காலுக்குத் தண்ணீர் போகவில்லை என்று ஆட்கள் வந்து கத்துவார்கள். "எறங்கிக் கேட்டுப் பாருங்க. எந்திரிச்சா ஓட்டிக்கிட்டு வாங்க" என்பார் இவர். ஒருவரும் இறங்கமாட்டார்கள். கடைசியில் இவரே இடுப்பளவு தண்ணீரில் போய் எருமையின் காதருகே ஏதோ பேசுவார். அது சாவகாசமாக எழுந்து நாலடி தள்ளிப் படுத்துக்கொள்ளும். தண்ணீர் போகும்.

நாய் ஒன்று இருந்தது. அது குரைத்து நான் கேட்டதில்லை. இடி இடித்தால் நெல் மூட்டைக்குப் பின்னால் போய்விடும், வெளியே இழுக்க ஒரு மணி நேரம் ஆகும். "இத எதுக்கு வச்சிருக்கீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். அதற்குள் என் வாயில் 'நீங்க' வந்துவிட்டிருந்தது.

"ஏன், பயப்படக் கூடாதா? எல்லாம் சண்டைக்கே நின்னா வீடு என்னாவுறது."

அவரிடம் அடிக்கடி வரும் சொல் ஒன்று உண்டு. "கேட்டியா?" அதுதான். பக்கத்து வீட்டுப் பெண் கோழியை ஒரே தாவலில் பிடித்துத் தூக்கினால், "கேட்டியா அத?" என்பார். கணவர் ஆட்டுக்குப் போட்டிருந்த தழையை எடுத்து எருமைக்குப் போட்டால், "கேட்டீங்களா?" அந்த மனிதர் நல்லவர், உடனே எடுத்த இடத்தில் வைத்துவிடுவார். ஊசியை எடுத்துக்கொண்டு நான் நேராக மாட்டின் பின்பக்கம் போனாலும் அதே கேள்வி. முன்னால் போய் நெற்றியைத் தடவி, ஊசி போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். நிஜமாகவே டாக்டருக்குப் படித்தவள் மாதிரி முதலில் முறைத்தேன். பிறகு சொல்லிவிட்டே போட்டேன். உதை வாங்குவதைவிட அது சுலபம்.

உதை என்றதும் அந்த மாட்டைச் சொல்லியாக வேண்டும். அதை வைத்துத்தான் ஊரில் அந்த வீட்டுக்கு உதைமாட்டு வீடு என்றே பெயர். கறுப்பு மாடு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. முதலில் அது மேலத்தெருவில் பெரிய வீட்டு மாடு. இந்த அம்மாள் அப்போது அந்த வீட்டுக் கொட்டகையில் சாணி அள்ளப் போய்க்கொண்டிருந்தார். இவர் மாமியார் போனது, மாமியாருக்கு மாமியார் போனது, எல்லாம் அதே கொட்டகைக்குத்தான். மூன்று தலைமுறை அந்த வீட்டு மாட்டை மேய்த்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு மாடு வந்தது இவர் காலத்தில்.

ஒரு அடைமழையில் அந்தக் கறுப்பு மாட்டின் கன்று செத்துவிட்டது. செத்த கன்றின் தோலை உரித்து, வைக்கோலைத் திணித்துத் தைத்து, தாயின் முன்னால் நிறுத்தினார்கள். எங்கும் செய்வதுதான். தாய் நக்கும், மடி சுரக்கும், கறந்துகொள்ளலாம். இரண்டு நாள் இந்த மாடும் நக்கியது. மூன்றாம் நாள் வைக்கோல் கன்றைக் காலால் தள்ளிவிட்டது. பால் செம்பை உதைத்தது. கறக்க வந்தவரின் முட்டியை உதைத்தது. பின்னங்கால்களைக் கயிற்றால் பிணைத்துப் பார்த்தார்கள். பால் இறங்கவில்லை, கயிறு அறுத்துக் காலெல்லாம் ரத்தம்.

"பொய்க் கன்ன நிறுத்தி வச்சிப் பால் கேட்டா உதைக்காம கும்பிடுமா டாக்டரம்மா?" இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தடித்துவிடும். அவருடைய முதல் பிள்ளை பிறந்து ஒன்பது நாளில் போய்விட்டது என்பதை அவர் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சொன்னதில்லை.

பெரிய வீட்டுக்காரர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "இத எங்கயாவது ஓட்டிக்கிட்டுப் போ, என் கண்ணுல படக்கூடாது" என்றிருக்கிறார். இவர் உடனே கேட்டாராம்: "எனக்கே குடுத்துட்டீங்களா?" "குடுத்தாச்சு போ" என்றவர், ஆளைக் கூப்பிட்டு மாட்டின் கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்து உள்ளே மாட்டச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். கொண்டுபோகிறவர் தன் கயிறு கொண்டுவர வேண்டும். பங்குக்கு வளர்க்க விடுகிற மாடு என்றால் கதை வேறு. மாடு உடையவருடையதாகவே இருக்கும், கன்றைத்தான் பங்கு போட்டுக்கொள்வார்கள், பழைய கயிறும் கழுத்தோடு போகும். இவரிடம் அப்போது கயிறு இல்லை. இடுப்பில் கட்டியிருந்த பழந்துணியைக் கிழித்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, மழையில் பாலத்தைத் தாண்டி ஓட்டிவந்தார். அன்றோடு சாணி அள்ளப் போவதையும் நிறுத்திவிட்டார்.

அவர் அந்த மாட்டின் காலைக் கட்டியதே இல்லை. காலையில் செம்போடு போய் எதிரில் குந்திக்கொண்டு, "கறக்கலாங்களா?" என்பார். மாட்டுக்கு எப்போதும் வாங்க போங்கதான். அது தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும், இவரும் உட்கார்ந்திருப்பார். அது எட்டு மணிக்கு மேல்தான் மனசு வைக்கும். பால் சொசைட்டியோ ஏழுக்கே மூடிவிடும். செயலாளர் நேரத்தைப் பற்றி ஒருநாள் சத்தம் போட்டிருக்கிறார். "உங்க கடிகாரத்த வந்து அவங்ககிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்த இவர், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. தெருவிலேயே பாலைக் கொடுத்தார். பெரிய வீட்டுக்காரருக்கும் அதே வாங்க போங்கதான், ஆனால் ஐயா என்ற சொல் அவர் வாயில் வராது. தனக்குக் கொடுக்கிற மரியாதையும் மாட்டுக்குக் கொடுக்கிற மரியாதையும் ஒன்றா என்று அந்த மனிதர் சொசைட்டி வாசலில் வைத்துப் பொருமினாராம். இவர் காதுக்கு அது வந்தபோது, "மாடு கொறச்சலா?" என்று கேட்டதோடு சரி.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாயிற்று.

வந்த முதல் வருடம் ஊர் முழுக்க மாடுகளுக்குக் காதுவில்லை மாட்டினேன். வில்லையின் எண்ணுக்கு நேரே உடையவர் பெயர் எழுத வேண்டும். உதவிக்கு மேலத்தெரு ஆள் ஒருவர் கூட வந்தார். இந்தக் கறுப்பு மாட்டிடம் வந்ததும், "யாரு மாடு?" என்று அவரைப் பார்த்துக் கேட்டேன். "பெரிய வீட்டு மாடு மேடம். இவங்க பாத்துக்குறாங்க" என்றார். பழைய பதிவேட்டிலும் தெற்குத் தெரு மாடு பாதி மேலத்தெருக்காரர்கள் பெயரில்தான் இருந்தது. அப்படியே எழுதினேன். இந்த அம்மாள் மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு என்னிடமிருந்து இரண்டடியில் நின்றிருந்தார். மாட்டிடம் சொல்லிவிட்டுத்தான் வில்லை மாட்டினேன். அவரைக் கேட்கவில்லை. பிறகு நான் போட்ட ஊசியிலேயே மாடு சினையாகி, அதே சுட்டியோடு ஒரு கிடேரி, பெண் கன்று, ஈன்றது. கன்றுக்கும் வில்லை மாட்டி, தாய்க்கு நேரே இருந்த பெயரையே பார்த்து எழுதினேன்.

கன்றுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பெரிய வீட்டில் மகனுக்குப் புது வீடு கட்டி முடித்தார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முதலில் பசுவும் கன்றும் உள்ளே போக வேண்டும். நெற்றிச் சுட்டியுள்ள பசுவும் கிடேரிக் கன்றும் என்றால் விசேஷம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓர் ஆள் வந்து, "காலையில மாட்டையும் கன்னையும் ஓட்டிட்டு வரச் சொன்னாரு" என்றான்.

"கேக்கச் சொன்னாரா, வரச் சொன்னாரா?"

"வரச் சொன்னாரு."

"அவங்க வரமாட்டாங்கன்னு சொல்லு."

அன்று சாயங்காலமே பேச்சு மாறிவிட்டது. மாடு பங்குக்கு விட்டது, இனி பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டாம், திரும்ப ஓட்டிக்கொள்ளப் போகிறோம், கன்றோடு என்று பெரிய வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் போன் வந்தது. "உங்க நோட்ட எடுத்துக்கிட்டு வந்து உள்ளத உள்ளபடி காட்டுங்க மேடம், போதும்" என்றார் பெரிய வீட்டுக்காரர். பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். என் கையெழுத்தில் அவர் பெயர். விசாரிக்காமல் எழுதினேன் என்று நானே சொன்னால் மெமோ வரும். சொல்லாவிட்டால் அந்த மாடு போய்விடும்.

காலையில் நான் போனபோது பஞ்சாயத்துத் தலைவர், பெரிய வீட்டுக்காரர், அவர் பங்காளிகள் நாலைந்து பேர், எல்லாரும் வேலிக்கு வெளியே ரோட்டில் நின்றிருந்தார்கள். உள்ளே போகாததற்குக் காரணம் மரியாதை இல்லை. அத்தனை பேரும் வெள்ளை வேட்டி. வான்கோழி வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் இறக்கையை விரித்துக்கொண்டு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தது. அதனால் பஞ்சாயத்து ரோட்டிலேயே நடந்தது. அம்மாள் மாட்டின் பக்கத்தில் நின்றார். கையில் கயிறுகூட இல்லை. நாய் மூட்டைக்குப் பின்னால் போயிருந்தது.

"பங்குக்கு விட்டதா, குடுத்ததா?" என்று தலைவர் கேட்டார்.

"பங்குக்கு விட்டா கயித்த அவுப்பாங்களா?" என்றார் அம்மாள். "அவங்க கொட்டகையில மேற்கால தூண்ல அந்த மஞ்சக் கயிறு இன்னமும் தொங்குது. யாராச்சும் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்."

ஒருவரும் அசையவில்லை. தொங்குகிறது என்று எல்லாருக்கும் தெரியும் போலிருக்கிறது. பெரிய வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். "கயிறு கெடக்கட்டும். கவர்மெண்ட் நோட்டுல யாரு பேரு இருக்கு? மேடம், படிங்க."

நான் திறந்து படித்தேன். அவர் பெயர்தான். பங்காளிகளில் ஒருவர் படலில் கை வைத்தார். வான்கோழி பாய்ந்தது, கையை எடுத்துக்கொண்டார்.

அம்மாள் என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆட்டுக்கும் கோழிக்கும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"எழுதறப்ப என்னைக் கேட்டீங்களா டாக்டரம்மா?"

"இல்ல" என்றேன். சொன்ன பிறகு மேலே பேசுவது கஷ்டமாக இல்லை. "இவங்கள நான் கேக்கல. பக்கத்துல நின்ன ஆளு சொன்னத எழுதினேன். கன்னுக்கும் அதையே பாத்து எழுதினேன். தப்பு என்னுது."

"எழுதினது எழுதினதுதான். சர்க்கார் நோட்ட இங்க நின்னு மாத்துவீங்களா?" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

"தப்பா எழுதினது நான். திருத்தி, ஏன் திருத்தினேன்னு எனக்கு மேல இருக்கற டாக்டருக்கும் எழுதிக் குடுக்கப் போறதும் நான். நீங்க வேணும்னா என் மேல மனு போடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுங்க, அந்தக் கயித்த அவுக்கச் சொன்னது நீங்கதானே?"

அவர் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கயித்த அவுத்தாச்சுன்னா பேச்சு முடிஞ்சு போச்சு" என்றார். இத்தனைக்கும் அவர் பெரிய வீட்டுக்காரரின் சொந்தக்காரர். வேட்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கிரகப்பிரவேசத்துக்கு முறையாகக் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பீர்களா என்று பிறகு அம்மாளிடம் கேட்டேன். "கேட்டா ஏன் அனுப்பாம? உதைப்பாங்கன்னு சொல்லி அனுப்பியிருப்பேன்" என்றார்.

படலைத் தாண்டி உள்ளே போய் உரல் மேல் பதிவேட்டை வைத்தேன். பழைய பெயரை ஒரே கோடாக அடித்தேன், தாய்க்கும் கன்றுக்கும். பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அவர் பெயர் தெரியாது. வருடக்கணக்காக அந்த வீட்டுக்கு வருகிறேன், அவர் கையால் டீ குடித்திருக்கிறேன். உதைமாட்டு வீடு என்றுதான் என் போனிலும் இருந்தது.

"அக்கா, உங்க பேரு சொல்லுங்க" என்றேன்.

அவர் கன்றின் காதுவில்லையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பத்தான் கேக்குறீங்க" என்றார். பிறகு சொன்னார். கணவர் பெயரும் சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். "மாடு அவருதா? என் பேரு மட்டும் போடுங்க" என்றார். டிராக்டர் சாவியோடு நின்ற அவர் கணவர், "ஆமா, அவ பேருதான்" என்றார். எழுதினேன். அம்மாள் எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார். ஓர் எழுத்துக்குத் துணைக்கால் விட்டுப்போயிருந்தது, அதையும் போடச் சொன்னார்.

மெமோ வந்தது. விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடம் மாற்றலும் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பார்கள் சிலர், எனக்குக் கவலையில்லை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் மாட்டைத் தொடுவதற்கு முன்னால் உடையவரிடம் நேராகப் பெயர் கேட்கிறேன். கூட வந்த ஆள் முந்திக்கொண்டு சொன்னால் வாயை மூடு என்கிறேன்.

இவ்வளவு எழுதியும் அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். மறக்கவில்லை. அவரிடம் கேட்காமல் ஒரு தடவை எழுதியாயிற்று. இன்னொரு தடவை எழுதமாட்டேன்.